சீப்பும் மின்னலும்

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது கிணத்துக்கடவு. பெயரிலேயே கிணற்றைத் தாங்கி நிற்கும் இவ்வூரில் பொன்மலை என்னும் சிறு குன்று ஒன்று உண்டு. அதன் முடியில் வேலாயுதசுவாமி திருக்கோயில் விளங்குகின்றது. சுற்றிலும் தென்னந்தோப்புகளும், தக்காளித் தோட்டங்களும், கொங்கு நாட்டார் ‘காடு’ என்று வழங்கும் மானாவாரி நிலங்களும் பரந்து கிடக்கின்றன. மேற்கே பாலக்காட்டுக் கணவாய். மலைகளின் இடையே நுழைந்து வரும் காற்று இவ்வூரைத் தடவிக்கொண்டே கிழக்கு நோக்கிச் செல்கின்றது.

இவ்வூரில் ஆண்டுதோறும் காணத்தக்க காட்சிகள் இரண்டு. தை மாதத்துக் காலைப்பொழுது. பனி நீங்கி வெயில் ஏறிய பின்னர் காற்று உலர்ந்திருக்கின்றது. பள்ளிக்குப் புறப்படும் சிறுமி ஒருத்தி பிளாஸ்டிக் சீப்பினால் தலை வாருகின்றாள். எண்ணெய் தடவாத கூந்தலிலிருந்து ‘பட், பட்’ என்று மெல்லிய ஓசை எழுகின்றது. மயிரிழைகள் ஒன்றையொன்று விட்டு விலகிச் சிலிர்த்து நிற்கின்றன. அச்சீப்பினைச் சிறு காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டு சென்றால், அவை துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இஃது ஒரு காட்சி.

ஐப்பசி மாதத்துப் பிற்பகல். கருமுகில் திரண்டு வானம் இருள்கின்றது. கண்ணைப் பறிக்கும் மின்னல் ஒன்று முகிலைப் பிளந்து தோப்பில் இறங்குகின்றது. உடனே நிலம் அதிர இடி முழங்குகின்றது. மறுநாள் சென்று பார்ப்போர் ஓங்கி வளர்ந்த தென்னை ஒன்று குருத்துக் கருகி நிற்பதைக் காண்கின்றனர். இது மற்றொரு காட்சி.

முன்னது சிறார் விளையாட்டு; பின்னது உயிரைப் போக்கும் ஆற்றல். இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டோ என்று வினவினால், இல்லை என்றே பலரும் விடையிறுப்பர். ஆயினும், சீப்பில் தோன்றிய சிற்றொலியும் வானில் எழுந்த பேரிடியும் ஒரே பொருளின் இரு வேறு தோற்றங்களாகும். அப்பொருளையே அறிவியலார் மின்னூட்டம் என்று வழங்குகின்றனர்.

இதன் பெயர் வரலாறே சுவை மிக்கது. ‘மின்’ என்னும் பகுதிக்கு ஒளிவிடுதல் என்பது பொருள். மின்னல், மின்மினி முதலிய சொற்கள் அதனடியாகப் பிறந்தவை. ஆகவே, மின்சாரம், மின்னூட்டம் என்னும் தமிழ்ப் பெயர்கள் வானத்து ஒளியிலிருந்து வந்தன. மேலைநாட்டார் வழங்கும் பெயரோ மண்ணிலிருந்து கிடைத்த ஒரு பிசினிலிருந்து வந்தது. பண்டை மரங்களின் பிசின் நெடுங்காலம் மண்ணுள் புதைந்து இறுகினால் அம்பர் என்னும் பொன்னிறப் பொருளாகும். கிரேக்கர் அதனை ‘எலெக்ட்ரான்’ என்றனர். அம்பரைத் துணியில் தேய்த்தால் அது துரும்பை ஈர்க்கும் என்பதைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலீசு என்னும் அறிஞர் அறிந்திருந்தார் என்று கூறுவர். 1600-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் கில்பர்ட்டு, கண்ணாடி, கந்தகம் முதலிய வேறு பல பொருள்களும் தேய்த்தால் இவ்வியல்பைப் பெறும் என்று காட்டி, அம்பரின் பெயராலேயே அதனைக் குறித்தார். வானத்துப் பெயரும் மண்ணகத்துப் பெயரும் ஒன்றையே சுட்டுகின்றன என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

தேய்த்தலால் தோன்றும் இவ்வாற்றல் ஒரே வகையினதா, பல வகையினதா? 1733-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தூஃபே இதனை ஆராய்ந்தார். தேய்த்த கண்ணாடி ஒன்று தேய்த்த மற்றொரு கண்ணாடியை விலக்கியது. ஆனால், தேய்த்த பிசினை ஈர்த்தது. எனவே, மின்னூட்டம் இரு வகைப்படும் என்றும், ஓரின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும், வேறின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்றும் அவர் முடிவு கண்டார். இதனை எவரும் எளிதிற் செய்து பார்க்கலாம். இரண்டு பலூன்களை நூலிற் கட்டி அருகருகே தொங்கவிட்டு, இரண்டையும் கம்பளியில் தேய்த்தால், அவை முகம் திருப்பிக்கொண்டவைபோல் விலகி நிற்கும். சிறுமியின் மயிரிழைகள் சிலிர்த்து விலகியதும் இக்காரணத்தினாலேயே. அவை யாவும் ஓரின மின்னூட்டம் பெற்றிருந்தன.

பின்னர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின், பட்டில் தேய்த்த கண்ணாடியில் உள்ளதை நேர் மின்னூட்டம் என்றும், மற்றதை எதிர் மின்னூட்டம் என்றும் வழங்கினார். இவை வெறும் பெயர்களே; நேர் என்பது உயர்வும் அன்று, எதிர் என்பது தாழ்வும் அன்று. சம அளவான நேரும் எதிரும் ஒரு பொருளில் கூடியிருந்தால், அஃது ஊட்டம் இல்லாதது போலவே தோன்றும். கணக்கில் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று ஈடுசெய்வது போன்றதே இது.

இனி, இம்மின்னூட்டம் எங்கிருந்து வந்தது? தேய்த்தலால் அது புதிதாகப் பிறந்ததா? இல்லை. உலகத்துப் பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே அணுக்கரு உள்ளது. இதனை 1911-ஆம் ஆண்டில் ரூதர்போர்டு கண்டறிந்தார். கருவினுள் நேர் மின்னூட்டம் உடைய புரோட்டான்களும், மின்னூட்டம் அற்ற நியூட்ரான்களும் செறிந்துள்ளன. கருவைச் சூழ்ந்து எதிர் மின்னூட்டம் உடைய எலெக்ட்ரான்கள் இயங்குகின்றன. எலெக்ட்ரானை 1897-ஆம் ஆண்டில் கண்டவர் ஜே. ஜே. தாம்சன். ஓர் அணுவில் புரோட்டான்கள் எத்தனையோ அத்தனை எலெக்ட்ரான்களும் இருப்பதால், அணு இயல்பாக நடுநிலையில் உள்ளது. புரோட்டான்கள் கருவினுள் இறுகப் பிணிக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தேய்த்துப் பிரித்தல் இயலாது. புற எல்லையில் உள்ள எலெக்ட்ரான்களோ அத்துணை இறுக்கமாகப் பிணைக்கப்படவில்லை. சீப்பு கூந்தலில் உராயும்போது, கூந்தலின் எலெக்ட்ரான்கள் சில சீப்பிற்குச் செல்கின்றன. பெற்ற சீப்பு எதிர் மின்னூட்டம் அடைகின்றது. இழந்த கூந்தல் நேர் மின்னூட்டம் அடைகின்றது.

கிணத்துக்கடவுச் சந்தையில் தக்காளி விற்போரும் வாங்குவோரும் கூடுகின்றனர். ஒருவர் மடியிலிருந்து காசு மற்றொருவர் மடிக்குச் செல்கின்றது. ஒருவர் இழந்தது எவ்வளவோ அவ்வளவே மற்றவர் பெற்றது. சந்தைக்குள் எவரும் காசு அச்சடிப்பதில்லை. எவரும் அதனை எரிப்பதும் இல்லை. வெளியார் எவரும் வாராதவரை சந்தையில் உள்ள மொத்தக் காசு மாறுவதில்லை. மின்னூட்டத்தின் இயல்பும் இத்தகையதே. அஃது இடம் மாறுமேயன்றித் தனியே ஆக்கப்படுவதும் இல்லை, அழிக்கப்படுவதும் இல்லை. இதனை மின்னூட்ட அழியாமை விதி என்பர். இவ்விதிக்கு மாறான நிகழ்ச்சி எதுவும் இதுவரை காணப்படவில்லை.

காசு உவமை மற்றோர் உண்மையையும் விளக்கும். கொடுக்கல் வாங்கலில் மிகச் சிறிய நாணயத்தினும் சிறிய தொகையைக் கைமாற்ற இயலாது. மின்னூட்டத்திற்கும் அத்தகைய சிறு நாணயம் உண்டு; அதுவே ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டம். அமெரிக்க அறிஞர் மில்லிக்கன் 1909-ஆம் ஆண்டு தொடங்கி, மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகளை மின் தகடுகளின் இடையே மிதக்கவிட்டு, அவற்றின் மின்னூட்டத்தை அளந்தார். துளிக்குத் துளி அளவு வேறுபட்டது. ஆயினும், ஒவ்வோர் அளவும் ஒரு குறிப்பிட்ட சிற்றளவின் முழு மடங்காகவே அமைந்தது. ஒன்றரை மடங்கோ இரண்டேகால் மடங்கோ எத்துளியிலும் இல்லை. மின்னூட்டத்தைக் கூலும் என்னும் அலகால் அளப்பர். ஒரு கூலும் மின்னூட்டம் சேர வேண்டுமாயின், ஏறக்குறைய 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்கள் கூட வேண்டும்.

கூலும் என்பது ஒரு பிரெஞ்சு அறிஞரின் பெயர். அவர் 1785-ஆம் ஆண்டில், மெல்லிய இழை முறுக்கிக்கொள்ளும் அளவைக் கொண்டு மின்விசையை அளக்கும் கருவி ஒன்றை அமைத்தார். மின்னூட்டம் இருமடங்கானால் விசையும் இருமடங்காகும் என்றும், இடைவெளி இருமடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்றும் அவர் கண்டார். இடைவெளி மும்மடங்கானால் விசை ஒன்பதில் ஒரு பங்காகும். இவ்விசையின் வலிமை வியக்கத்தக்கது. ஒவ்வொன்றும் ஒரு கூலும் மின்னூட்டம் உடைய இரண்டு சிறு பொருள்களை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால், அவற்றினிடையே எழும் விசை ஏறக்குறைய ஒன்பது லட்சம் டன் எடைக்குச் சமமாகும். சீப்பில் சேரும் மின்னூட்டம் கூலும் அளவில் மிக நுண்ணிய பின்னமே ஆதலால், அது காகிதத் துணுக்கை மட்டும் தூக்குகின்றது.

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. காகிதத் துணுக்கு மின்னூட்டம் பெறாதது. அதனைச் சீப்பு எவ்வாறு ஈர்க்கும்? சீப்பில் உள்ள எதிர் மின்னூட்டம் காகிதத்தின் எலெக்ட்ரான்களைச் சற்றே அப்பால் தள்ளுகின்றது. அதனால் காகிதத்தின் அணித்தேயுள்ள பக்கம் நேராகவும், சேய்மைப் பக்கம் எதிராகவும் ஆகின்றன. அண்மையில் உள்ளதைச் சீப்பு ஈர்க்கின்றது. சேய்மையில் உள்ளதை விலக்குகின்றது. கூலும் கண்ட விதிப்படி அண்மையில் உள்ளதன் மீதே விசை மிகுதி. ஆதலின் ஈர்ப்பே வெல்கின்றது. இவ்வாறு தொடாமலே மின்னூட்டத்தைப் பிரித்து வைத்தலை மின்தூண்டல் என்பர். மின்னலை அறிவதற்கு இஃது இன்றியமையாதது.

அதே சிறுமி ஐப்பசி மழைநாளில் இதனைச் செய்து காட்ட முயன்றால், காகிதம் அசையாமல் கிடக்கக் காண்பாள். காரணம் யாது? 1729-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்பவர், மின்னூட்டம் சில பொருள்களின் வழியே ஓடும், சிலவற்றின் வழியே ஓடாது என்று கண்டார். பட்டுக் கயிற்றில் தொங்கவிட்ட நீண்ட நூலின் வழியே அவர் மின்னூட்டத்தைப் பல நூறு அடி தொலைவு செலுத்தினார். பட்டிற்குப் பதிலாக உலோகக் கம்பியில் தொங்கவிட்டபோதோ, அது கம்பி வழியே கசிந்து போயிற்று. செம்பு, அலுமினியம், இரும்பு முதலிய உலோகங்களில் எலெக்ட்ரான்கள் சில கட்டின்றித் திரிவதால் அவை கடத்திகள் ஆயின. பட்டு, ரப்பர், கண்ணாடி, பீங்கான் முதலியவை கடத்தாப் பொருள்கள். மனித உடலும் ஈரமண்ணும் மின்னூட்டத்தைக் கடத்தும். மழைக்காலத்தில் சீப்பின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத நீர்ப்படலம் படிகின்றது. மின்னூட்டம் அதன் வழியே கசிந்து, கைக்கும் மண்ணுக்கும் போய்விடுகின்றது. தை மாதத்து உலர்காற்றில் அத்தகைய கசிவு குறைவு. ஆதலால் மின்னூட்டம் தங்குகின்றது.

கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் இவ்வுண்மை நாள்தோறும் பயன்படுகின்றது. இந்நகரில் ஸ்டேன்ஸ் என்பவர் முயற்சியால் 1888-ஆம் ஆண்டிலேயே நூற்பாலை தோன்றியது. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலையில் பஞ்சு இடையறாது உருளைகளில் உராய்கின்றது. காற்று உலர்ந்திருந்தால் இழைகள் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கும், உருளைகளில் சுற்றிக்கொள்ளும், நூல் அறும். பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளில் இத்தொல்லை இன்னும் மிகுதி. ஆகவே, ஆலைக் கூடங்களில் நீர்த்திவலைகளைத் தூவிக் காற்றின் ஈரப்பதத்தை உரிய அளவில் வைத்திருக்கின்றனர். சிறுமியின் சீப்பை மழைக்காலத்தில் செயலிழக்கச் செய்த ஈரமே ஆலையில் நூலைக் காக்கின்றது.

தங்கி நிற்கும் மின்னூட்டத்தை நிலைமின்சாரம் என்றும், ஓடும் மின்னூட்டத்தை மின்னோட்டம் என்றும் கூறுவர். ஒரு விநாடிக்கு ஒரு கூலும் வீதம் ஓடினால் அது ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஆகும். ஒரு காலத்தில் கவலை பூட்டி எருதுகளைக்கொண்டு நீர் இறைத்த கொங்கு நாட்டுக் கிணறுகளில் இன்று மோட்டார்கள் நீர் இறைக்கின்றன. அம்மோட்டார்களை இயக்குவதும் சீப்பில் இருந்த அதே மின்னூட்டத்தின் இயக்கமே.

இனி வானத்து மின்னலைக் காண்போம். இடிமுகிலினுள் காற்று வேகமாக மேலெழுகின்றது. நுண்ணிய பனிப் படிகங்களும் சிறு ஆலங்கட்டிகளும் அதனுள் ஓயாமல் மோதுகின்றன. அம்மோதலில் மின்னூட்டம் கைமாறுகின்றது. நேர் மின்னூட்டம் பெற்ற இலேசான படிகங்கள் மேலே செல்கின்றன. எதிர் மின்னூட்டம் பெற்ற கனமான கட்டிகள் கீழே தங்குகின்றன. எனவே, முகிலின் அடிப்பகுதி பெரும்பாலும் எதிர் மின்னூட்டம் உடையதாகின்றது. சீப்பு காகிதத்தில் செய்த மின்தூண்டலையே முகில் நிலத்தில் செய்கின்றது. முகிலின் கீழுள்ள குன்றும் மரமும் கட்டடமும் நேர் மின்னூட்டம் பெறுகின்றன. காற்று இயல்பில் கடத்தாப் பொருளே. ஆயினும், முகிலில் சேரும் மின்னூட்டம் மிகுந்துகொண்டே போனால், ஓரிடத்தில் அத்தடை உடைகின்றது. உடைந்த வழியே ஏறக்குறைய 30,000 ஆம்பியர் மின்னோட்டம் கணப்பொழுதில் பாய்கின்றது. அவ்வழியில் உள்ள காற்று கதிரவனின் மேற்பரப்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் அடைந்து, வெடித்து விரிகின்றது. அவ்வெடிப்பே இடி. சீப்பில் எழுந்த ‘பட்’ என்னும் ஓசை ஒரு சிற்றிடியே ஆகும்.

இவ்வொற்றுமையைப் பிராங்கிளின் முன்னரே ஊகித்து, அதனைச் சோதிக்கும் முறையையும் எழுதினார். அம்முறைப்படி 1752-ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சு நாட்டில் உயர்ந்த இரும்புக் கம்பி ஒன்றை நட்டு, இடிமுகிலிலிருந்து மின்பொறி பெற்றனர். அதே ஆண்டில் பிராங்கிளினும் காற்றாடியைக்கொண்டு இச்சோதனையைச் செய்தார் என்பர். வானத்து மின்னும் அம்பரின் ஈர்ப்பும் ஒன்றே என்பது உறுதியாயிற்று. ஆனால், அறிவு எளிய விலைக்குக் கிடைத்தது அன்று. 1753-ஆம் ஆண்டில் ரஷியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கு நகரில் இத்தகைய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ரிச்மன் என்னும் அறிஞர், மின்னல் தாக்கி உயிர் துறந்தார். ஆதலின், இடிமழையில் காற்றாடி விடுதல் முதலியவற்றை எவரும் ஒருபோதும் செய்துபார்த்தல் ஆகாது.

இவ்வறிவின் பயன் உயிர்காப்பேயாகும். இடி முழங்கும்போது ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று கூவுதல் தமிழ்நாட்டுச் சிறாரின் வழக்கம். அஃது அச்சத்தைத் தணிக்கலாம், மின்னலைத் தடுக்காது. மின்னல் நிலத்தை நோக்கி வரும்போது, உயர்ந்து நிற்கும் பொருளையே பெரும்பாலும் நாடும். ஆகவே, தனித்த மரத்தின் அடியில் ஒதுங்குவது பேரிடர். மரத்தில் இறங்கும் மின்னல் அருகில் நிற்பவர் மீது தாவும். வேர் வழியே நிலத்திலும் பரவும். நிலத்தில் பரவும்போது ஒரு காலிற்கும் மற்றொரு காலிற்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எழுந்து, உடலின் வழியே மின்னோட்டம் செல்லும். முன்னங்கால்களும் பின்னங்கால்களும் அகன்று நிற்கும் ஆடுமாடுகள் மரத்தடியில் மந்தையாக மடிவது இதனாலேயே.

ஒளி தோன்றியவுடன் எண்ணத் தொடங்க வேண்டும். மூன்று விநாடிகளில் ஒலி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கடக்கும். முப்பது விநாடிக்குள் இடியோசை கேட்டால், முகில் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது என்பது பொருள். அப்போதே காட்டு வேலையை நிறுத்திவிட்டு, உறுதியான கட்டடத்தினுள்ளோ, கதவடைத்த காரினுள்ளோ செல்ல வேண்டும். உலோகக் கூடு மின்னூட்டத்தைத் தன் புறப்பரப்பின் வழியே செலுத்தி, உள்ளிருப்போரைக் காக்கும். கிணற்று மேடு, உலோகக் குழாய், கம்பி வேலி, மோட்டார் ஆகியவற்றை விட்டு விலக வேண்டும். இறுதி இடியோசைக்குப் பின் அரைமணி நேரம் கழிந்தே வெளியே வரலாம். உயர்ந்த கட்டடங்களுக்கு இடிதாங்கி அமைத்தல் நலம். ஆனால், உச்சியில் உலோகம் இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து தடித்த கடத்தி ஒன்று தடையின்றி இறங்கி, ஈரமண்ணில் ஆழப் பதிந்திருக்க வேண்டும். வழி காட்டினாலன்றி மின்னூட்டம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

இறுதியாக ஓர் உண்மையை ஒவ்வொருவரும் உள்ளத்திற் பதித்தல் வேண்டும். மின்னல் தாக்கி வீழ்ந்தவரைத் தொடுவதற்குப் பலரும் அஞ்சுகின்றனர். அவருடலில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று எண்ணுகின்றனர். அது தவறு. உடல் ஒரு கடத்தி. பாய்ந்த மின்னூட்டம் அக்கணமே நிலத்தை அடைந்துவிடுகின்றது. அவரைத் தொடுவோர்க்கு அவரால் தீங்கு நேராது. அறுந்த மின்கம்பியைப் பற்றிக்கொண்டிருப்பவரின் நிலை வேறு. அங்கே மின்னோட்டம் தொடர்ந்து பாய்வதால், முதலில் அதனை நிறுத்த வேண்டும். மின்னலால் வீழ்ந்தவரின் இதயமோ மூச்சோ நின்றிருக்கலாம். உடனே 108 ஊர்திக்குச் சொல்லியனுப்பி, மார்பை அழுத்தியும் மூச்சளித்தும் முதலுதவி செய்தால், பலரைப் பிழைக்கச் செய்யலாம். அஞ்சி விலகி நிற்கும் சில நிமிடங்களே அவர் உயிரைக் கொண்டுபோகும் நிமிடங்கள். மின்னூட்டம் உடலில் தங்காது என்னும் இச்சிறு அறிவு, ஏதேனும் ஒரு மாலைப்பொழுதில் ஒரு தோப்பினுள் ஓர் உயிரைக் காத்தல் கூடும்.